லாக்டேட் கூடினால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்றுதான் பொருளா?

முதலாண்டு:
வணக்கம். குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டைப் பற்றி, "ஆக்சிஜன் இருந்தால் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும், இல்லாவிட்டால் லாக்டேட் ஆகும்" என்று ஒரே வரியில் பாடக்குறிப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் இரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டே நாள் முழுக்க லாக்டேட் செய்கிறது. ஒரு மாதிரி வினாவில் தயமின் (விட்டமின் பி1) குறைபாடுள்ள நோயாளிக்கு ஆக்சிஜன் செறிவு 98 சதவீதம், லாக்டேட்டோ லிட்டருக்கு 9 மில்லிமோல், மிக அதிகம். ஆஸ்துமாவுக்கு சால்பூட்டமால் கொடுத்தாலும் லாக்டேட் ஏறுமாம். இவை ஒவ்வொன்றும் விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதானா? அடியில் பொதுவான காரணம் ஏதாவது இருக்கிறதா?

நொதிவழி:
விதிவிலக்கு எதுவும் இல்லை. அந்த ஒற்றை வரிதான் குறைபட்டது. லாக்டேட்டைப் புரிந்துகொள்ள ஆக்சிஜனிடமிருந்து தொடங்காதீர்கள், எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடி என்ற சிறு மூலக்கூறிடமிருந்து தொடங்குங்கள்.

குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் கிளைகாலிசிஸின் பத்துப் படிகளில் ஆறாவதைப் பாருங்கள். கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட் டீஹைட்ரஜினேஸ் என்ற நொதி அங்கே ஒரு என்ஏடியை எடுத்து, எலக்ட்ரான் ஏற்றி என்ஏடிஎச் ஆக்குகிறது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு. இந்த என்ஏடி உணவிலிருந்து வந்து கொட்டிக்கொண்டே இருக்கும் சரக்கு இல்லை. செல்லுக்குள் கொஞ்சமே இருக்கிறது, அதையேதான் திருப்பித் திருப்பிப் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு கொஞ்சம் என்று சிவப்பணுவை வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சிவப்பணு மணிக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமோல் குளுக்கோஸ் எரிக்கிறது. அதாவது மணிக்கு 3 மில்லிமோலாவது என்ஏடி தேவை. கையிருப்போ லிட்டருக்கு 0.1 மில்லிமோலுக்கும் குறைவு. திரும்பி வராவிட்டால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது, ஆறாவது படி நின்றுவிடும். அதற்குப் பிந்தைய படிகளில்தான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி கிடைக்கிறது என்பதால் செல்லுக்கு வருமானமே போய்விடும்.

ஆகவே என்ஏடிஎச் தன் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கிவைத்தே ஆக வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வை அது நேரடியாகக் கடக்காது. மாலேட்-அஸ்பார்டேட் வழியிலோ, கிளிசரால்-3-பாஸ்பேட் வழியிலோ எலக்ட்ரான்களை மட்டும் உள்ளே கைமாற்றலாம். அல்லது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உள்ள செல்திரவமான சைட்டோசாலிலேயே லாக்டேட் டீஹைட்ரஜினேஸைக் கொண்டு பைருவேட்டின் தலையில் இறக்கலாம்:

பைருவேட் + என்ஏடிஎச் + ஹைட்ரஜன் அயனி ⇌ லாக்டேட் + என்ஏடி

சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. முதல் வழி அடைபட்டதால் எப்போதும் இரண்டாவதுதான். சுற்றி எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இனி லாக்டேட் கூடியிருப்பதைக் கண்டால் மூன்று இடங்களில் தேடுங்கள். பைருவேட் வழக்கத்தைவிட வேகமாக உருவாகிறதா? பைருவேட் உள்ளே போகும் வாசல் அடைபட்டிருக்கிறதா? என்ஏடிஎச் இறங்க இடமில்லாமல் தேங்கியிருக்கிறதா? ஆக்சிஜன் குறைவு இந்த மூன்றாவதற்கு ஒரு காரணம், அவ்வளவே. லாக்டேட்டை எடுத்துச் செலவழிக்க வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் சுணங்கினாலும் அளவு ஏறும். அதை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம்.

முதலாண்டு:
ஐயா, இப்போது சிவப்பணு தெளிவு. சால்பூட்டமால் முதல் வகை, தயமின் இரண்டாவது வகை என்று வைக்கலாமா?

நொதிவழி:
சரியாக வைத்தீர்கள். சால்பூட்டமால் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டினால் சைக்ளிக் ஏஎம்பி ஏறும், எலும்புத் தசையில் கிளைக்கோஜன் உடையும். கூடவே சோடியம்-பொட்டாசியம் பம்பு வேகமெடுத்து ஏடிபியைத் தின்னும், கிளைகாலிசிஸ் அதை ஈடுகட்ட ஓடும். பைருவேட் உருவாகும் வேகம் மைட்டோகாண்ட்ரியா எடுக்கும் வேகத்தை மிஞ்சுகிறது. மிஞ்சியது லாக்டேட். ஆக்சிஜனுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. அட்ரினலின் செலுத்தும்போதும் இதே கதைதான்.

அவசரப்பிரிவு:
இதில் நோயாளிக்கு ஆபத்தாக முடியக்கூடிய ஓர் இடம் உண்டு. மூச்சிரைப்பு தணிந்து, நுரையீரலில் காற்றோட்டம் நன்றாகக் கேட்கத் தொடங்கிய பிறகும் மூச்சு வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். அது லாக்டேட் அமிலத்தன்மையை ஈடுகட்ட உடல் கார்பன் டை ஆக்சைடை வெளித்தள்ளுவது. ஆஸ்துமா முற்றுகிறது என்று நினைத்து இன்னும் சால்பூட்டமால் ஏற்றினால் லாக்டேட் இன்னும் ஏறும். இரத்த வாயு அறிக்கையில் லாக்டேட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துப் பாருங்கள்.

கணக்குமேசை:
"என்ஏடிஎச் தேங்கியிருக்கிறது" என்பதை எண்ணாகவே பார்க்க முடியும், அதுதான் இந்தப் பகுதியின் அழகு. லாக்டேட் டீஹைட்ரஜினேஸ் மிக வேகமான நொதி. ஆகவே சைட்டோசாலில் இந்த வினை ஏறத்தாழ எப்போதும் சமநிலையில்தான் நிற்கும். பிஎச் 7-இல் [பைருவேட்][என்ஏடிஎச்] / [லாக்டேட்][என்ஏடி] = 1.11 × 10⁻⁴. திருப்பிப் போட்டால்:

என்ஏடி / என்ஏடிஎச் = (பைருவேட் / லாக்டேட்) ÷ 0.000111

லாக்டேட் பைருவேட்டைப் போல 10 மடங்கு இருந்தால் 0.1 ÷ 0.000111 = 900. ஒரு என்ஏடிஎச்சுக்கு 900 என்ஏடி தளர்வாகக் கிடக்கிறது, ஆறாவது படி தடையின்றி ஓடும். விகிதம் 30 ஆனால் 300. எலக்ட்ரான் நெரிசல் மூன்று மடங்கு. 1967-இல் கிரெப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் எலியின் கல்லீரலில் இந்த முறையில்தான் கணக்கிட்டார்கள். சைட்டோசாலில் கிடைத்தது 700-க்கு மேல், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 10-க்கும் கீழ். ஒரே செல்லுக்குள் இரண்டு அறைகளுக்கு இவ்வளவு வேறுபாடு! சைட்டோசாலில் என்ஏடி மிகுந்திருந்தால்தான் குளுக்கோஸ் உடையும். உள்ளே என்ஏடிஎச் போதுமான அளவு இருந்தால்தான் எலக்ட்ரான்களை ஆக்சிஜன்வரை கடத்தும் எலக்ட்ரான் சங்கிலிக்கு உந்துதல் கிடைக்கும்.

நோயறிதலுக்கு இது உதவும் விதம்: லாக்டேட், பைருவேட் இரண்டும் ஏறி, விகிதம் 10 முதல் 20-க்குள்ளேயே நின்றால் எலக்ட்ரான் நெரிசல் இல்லை. பைருவேட்டை அசிட்டைல் கோஏ ஆக்கும் பைருவேட் டீஹைட்ரஜினேஸ் வாசலைச் சந்தேகியுங்கள். விகிதம் 25-ஐத் தாண்டினால் எலக்ட்ரான் சங்கிலியில் அடைப்பு. ஆனால் லாக்டேட் இயல்பிலோ சற்றே மேலேயோ இருக்கும்போது இந்த விகிதத்தை நம்பாதீர்கள். பைருவேட்டின் அளவு அவ்வளவு சிறியது, அளவீட்டுப் பிழையே விகிதத்தைப் புரட்டிவிடும்.

கேள்விக்குறி:
ஓர் அடிப்படைச் சந்தேகம். லாக்டிக் அமிலம்தானே உருவாகிறது, அது ஹைட்ரஜன் அயனியை விடுவதால்தானே இரத்தம் அமிலமாகிறது? மேலே உள்ள சமன்பாட்டில் ஹைட்ரஜன் அயனி இடப்பக்கம் அல்லவா இருக்கிறது? அப்படியானால் அந்த வினை அமிலத்தைக் குறைக்க வேண்டுமே.

நொதிவழி:
நல்ல கண். அந்தப் படி ஹைட்ரஜன் அயனியை உண்ணத்தான் செய்கிறது.

லாக்டிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனியை விட்டிருக்கும் பிஎச், 3.86. இரத்தத்தின் பிஎச் 7.4. வித்தியாசம் 3.54, அதை 10-இன் அடுக்காக்கினால் ஏறத்தாழ 3,500. ஒரு மூலக்கூறு அமிலமாக இருந்தால் 3,500 மூலக்கூறுகள் லாக்டேட் அயனியாக இருக்கும். செல்லுக்குள் உருவாவதும் லாக்டேட் அயனிதான், "அமிலம் உருவாகி, பிறகு அயனியைக் கழற்றிவிடுகிறது" என்ற காட்சியை மறந்துவிடுங்கள்.

ஹைட்ரஜன் அயனி எங்கிருந்து வருகிறது? கிளைகாலிசிஸில் கிடைத்த ஏடிபியைத் தசையோ பம்போ உடைத்துச் செலவழிக்கும்போது. குளுக்கோஸ் லாக்டேட் ஆவதையும் அந்த ஏடிபி செலவாவதையும் சேர்த்துக் கூட்டினால் மிஞ்சும் கணக்கு இது: ஒரு குளுக்கோஸ் → 2 லாக்டேட் + 2 ஹைட்ரஜன் அயனி. மைட்டோகாண்ட்ரியா ஓடினால் அங்கே ஏடிபி மறுபடி கட்டப்படும்போது அந்த அயனிகள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும், அமிலம் தேங்காது. ஓடாவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தேங்கும். ஆகவே மருத்துவமனையில் லாக்டேட்டும் அமிலத்தன்மையும் சேர்ந்தே வருவது உண்மை. ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்பதில்தான் பிழை.

சோதித்துப் பார்க்க ரிங்கர் லாக்டேட் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 28 மில்லிமோல் லாக்டேட் உண்டு. அது சோடியத்தோடு வந்த அயனி, ஹைட்ரஜன் அயனியோடு வரவில்லை. கல்லீரல் அதைக் குளுக்கோஸாக்கும்போதோ எரிக்கும்போதோ ஹைட்ரஜன் அயனியை எடுத்துக்கொள்கிறது, பைகார்பனேட் கூடுகிறது. லாக்டேட் ஏற்றியும் இரத்தம் காரப்பக்கம் நகர்கிறது!

கேள்விக்குறி:
இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. நன்றி.

முதலாண்டு:
பைருவேட் டீஹைட்ரஜினேஸை வாசல் என்கிறீர்கள். தயமின் அதில் எந்த இடத்தில் வருகிறது? ஐந்து துணைநொதிகளின் பெயர் தெரியும், எது எதைச் செய்கிறது என்பதுதான் குழப்பம்.

நொதிவழி:
பெயர்களாக அடுக்காமல், பைருவேட்டோடு கூடவே நடந்து பாருங்கள்.

பைருவேட்டுக்கு மூன்று கார்பன். முதல் நொதியான இ1-இல் தயமின் பைரோபாஸ்பேட் காத்திருக்கிறது. அதன் தயசோல் வளையத்தில் நைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் நடுவே உள்ள கார்பன் எளிதில் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை பெறும். அந்தக் கார்பன் பைருவேட்டின் கார்பனைல் கார்பனைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் கார்பாக்சில் பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று விழும். மீந்த இரண்டு கார்பன் துண்டு தயமின் மேலேயே தொங்கும். தயமின் இல்லாவிட்டால் இந்த முதல் பிடியே கிடையாது.

அடுத்து இ2. அதில் லைப்போயிக் அமிலம் ஒரு லைசினின் நீண்ட சங்கிலி முனையில் கட்டப்பட்டு, நீளமான கைபோல் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கை இ1-க்கு வந்து துண்டைத் தன் கந்தகத்தில் வாங்கி, இ2-இன் மையத்தில் காத்திருக்கும் கோஎன்சைம் ஏ-யிடம் கொடுத்துவிடும். அசிட்டைல் கோஏ தயார். ஆனால் கையின் இரண்டு கந்தகங்களும் இப்போது ஹைட்ரஜனேறி நிற்கின்றன. இ3-இல் உள்ள எஃப்ஏடி அவற்றை வாங்கி, என்ஏடியிடம் சேர்க்கிறது. கை பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இதே இ1-இ2-இ3 அமைப்பு ஆல்பா-கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜினேஸிலும் கிளைத்த சங்கிலி அமினோ அமிலங்களைச் சிதைக்கும் நொதியிலும் உண்டு. ஆகவே தயமின் குறைந்தால் வாசல் மட்டுமல்ல, சிட்ரிக் அமிலச் சுழற்சியின் நடுவிலும் அடைப்பு. பென்டோஸ் பாஸ்பேட் வழியின் டிரான்ஸ்கீட்டோலேஸும் முடங்கும். குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் பழைய சோதனை இதைத்தான் பயன்படுத்துகிறது: சிவப்பணுவின் டிரான்ஸ்கீட்டோலேஸ் வேகத்தை அளந்து, தயமின் பைரோபாஸ்பேட் சேர்த்து மறுபடி அளப்பது. வேகம் 25 சதவீதத்துக்கு மேல் கூடினால் நொதி பசியோடு இருந்திருக்கிறது என்று பொருள்.

அவசரப்பிரிவு:
மருந்தகப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. உடலில் தயமின் கையிருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம், சில வாரங்களில் தீர்ந்துவிடும். அந்த நிலையில் உள்ளவருக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் பைருவேட் வெள்ளமாக வந்து அடைபட்ட வாசலில் முட்டும். லாக்டேட் ஏறும், மூளையின் நடுப்பகுதிகள் ஏடிபி இல்லாமல் சேதமடையும், வெர்னிக்கி நோய் வெளிப்படும். எனவே ஐயமுள்ளவருக்குத் தயமின் முதலில், அல்லது குளுக்கோஸோடு சேர்த்தே. ஆனால் சர்க்கரை ஆபத்தான அளவு தாழ்ந்திருந்தால் தயமின் வரும்வரை குளுக்கோஸை நிறுத்திவைக்கக் கூடாது. அதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

1997-இல் அமெரிக்காவில் சிரை வழி ஊட்டத்துக்கான பல்விட்டமின் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விட்டமின் இல்லாமல் குளுக்கோஸ் ஊட்டம் பெற்றவர்களிடம் கடும் லாக்டேட் அமிலத்தேக்கம் பதிவானது. ஆக்சிஜனும் திரவமும் கொடுத்துப் பலனில்லை. தயமின் கொடுத்ததும் தீர்ந்தது.

கேள்விக்குறி:
ஆர்செனிக் நச்சும் பைருவேட் டீஹைட்ரஜினேஸைத் தாக்கும் என்று ஓரிடத்தில், கிளைகாலிசிஸைத் தாக்கும் என்று இன்னோரிடத்தில். எது சரி?

கணக்குமேசை:
இரண்டும் சரி, ஆனால் இரண்டு வேறு ஆர்செனிக். ஆர்செனைட் மூன்று இணைதிறன் கொண்டது, மேலே சொன்ன லைப்போயிக் கையின் இரண்டு கந்தகங்களையும் ஒருசேரக் கவ்விப் பூட்டிவிடும். கை ஆடாது, லாக்டேட் ஏறும். ஆர்செனேட் ஐந்து இணைதிறன் கொண்டது, பார்வைக்குப் பாஸ்பேட் மாதிரி. ஆறாவது படியில் பாஸ்பேட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உருவாகும் சேர்மம் நிலைக்காது, தண்ணீரோடு சேர்ந்த உடனே உடையும். கிளைகாலிசிஸ் தொடரும், ஆனால் ஏழாவது படியின் இரண்டு ஏடிபி கிடைக்காது. முதலில் இரண்டு போட்டோம், கடைசியில் இரண்டு வந்தது, மீதி பூஜ்யம். தேர்வில் "ஆர்செனேட்" என்ற சொல்லைப் பார்த்ததும் லைப்போயிக் அமிலத்தை எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஆய்வகமேசை:
இவ்வளவு நுட்பமாகப் பேசிவிட்டு மாதிரி எடுப்பதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே கொஞ்சம் நீளமாக.

குழாய்க்குள் போன சிவப்பணுவுக்குத் தான் உடலைவிட்டு வெளியே வந்தது தெரியாது. அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸை எரித்துக்கொண்டே இருக்கும். குளுக்கோஸ் 5 மில்லிமோல் என்றால் மணிக்கு ஏறத்தாழ 0.3 குறையும், அதே கணக்கில் லாக்டேட் 0.6 ஏறும். 1.6 உள்ள ஆரோக்கியமான மாதிரி இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்தால் 2.8 என்று அறிக்கை வரும். வெள்ளையணு எண்ணிக்கை மிகுந்த மாதிரியில் இன்னும் மோசம்.

சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளூரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். ஃபுளூரைடு ஈனோலேஸை நிறுத்துகிறது. அதற்கு வேண்டிய மெக்னீசியத்தோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து நொதியின் மையத்தில் அடைத்துக்கொள்ளும். ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து உறைவதைத் தடுக்கிறது.

இங்கே மாணவர்கள் கவனிக்காத நுட்பம்: ஈனோலேஸ் ஒன்பதாவது படி. அது நின்றதும் லாக்டேட் உருவாவது சட்டென்று நின்றுவிடும். ஆனால் ஹெக்சோகைனேஸ் முதல் படி. ஏடிபி தீரும்வரை அது குளுக்கோஸைப் பாஸ்பேட்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அதே குழாயில் குளுக்கோஸ் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குறைந்துகொண்டுதான் போகும். குளுக்கோஸையும் உடனே நிறுத்த வேண்டுமானால் சிட்ரேட் கொண்டு அமிலமாக்கிய குழாய் வேண்டும். பிஎச் 6-க்குக் கீழே இறங்கினால் ஹெக்சோகைனேஸும் பாஸ்போஃபுரக்டோகைனேஸும் முதலிலேயே படுத்துவிடும்.

இரத்தம் எடுக்கும்போது கட்டு நீண்ட நேரம் இருக்கக் கூடாது, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லவே கூடாது. முன்கைத் தசை அந்தச் சில விநாடிகளில் லாக்டேட்டை அந்தச் சிரைக்குள்தான் தள்ளும். நிரப்பியதும் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். பிறகு பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள். வெறும் பனிக்கட்டி மேல் வைத்தால் குழாயின் ஒரு பக்கம் மட்டுமே தொடும், சீராகக் குளிராது. ஃபுளூரைடு இல்லாத குழாய் என்றால் 15 நிமிடத்துக்குள் மையவிலக்கியில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள்.

பைருவேட் இன்னும் சிக்கல். அது இரத்தத்தில் நிலைக்காது, ஃபுளூரைடு மட்டும் போதாது. எடுத்த கையோடு குளிர்ந்த பெர்குளோரிக் அமிலத்தில் கலந்து புரதத்தை வீழ்படிவாக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பினால் பைருவேட் குறைந்து, லாக்டேட்-பைருவேட் விகிதம் 40, 50 என்று பொய்யாக ஏறும். குழந்தைக்கு மைட்டோகாண்ட்ரியா நோய் என்று தவறாகத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொன்று, மிச்சமிருக்கிறதே என்று சாம்பல் மூடிக் குழாயில் வேறு சோதனைகள் போடாதீர்கள். சோடியமும் பொட்டாசியமும் குழாயிலேயே சேர்க்கப்பட்டவை, கால்சியம் பிடிபட்டுவிட்டது. யூரியேஸ் நொதியைக் கொண்டு அளக்கும் யூரியாவை ஃபுளூரைடு கெடுக்கும். லாக்டேட் டீஹைட்ரஜினேஸின் செயல்பாட்டை ஆக்சலேட்டே தடுக்கும், அதன் வடிவம் பைருவேட்டை ஒத்தது.

முதலாண்டு:
ஆக்சலேட் அந்த நொதியைத் தடுக்கும் என்றால், லாக்டேட்டையே அந்த நொதியைக் கொண்டுதானே அளக்கிறோம்? அங்கே தடை வராதா?

ஆய்வகமேசை:
கூர்மையான கேள்வி. இரண்டு காரணத்தால் தப்பிக்கிறோம். மாதிரி, ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு குப்பியான குவெட்டுக்குள் பல மடங்கு நீர்த்துப்போகிறது, ஆக்சலேட்டும் அதே அளவு நீர்க்கும். மேலும் நாம் வேகத்தை அளக்கவில்லை. நொதியை மிகையாகப் போட்டு, வினை முடியும்வரை காத்திருந்து, மொத்தம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறோம். நொதி கொஞ்சம் மெதுவானாலும் முடிவு மாறாது. நொதியின் செயல்பாட்டை அளக்கும் சோதனையில் வேகமே விடை, அங்கே தடை நேரடியாகப் பிழையாகும்.

அளவீட்டையும் சொல்லிவிடுகிறேன். என்ஏடிஎச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், என்ஏடி உறிஞ்சாது. இதைக் கருவியாக்கியவர் ஓட்டோ வார்பர்க். மில்லிமோலுக்கு, ஒரு சென்டிமீட்டர் குவெட்டில், உறிஞ்சல் 6.22. லாக்டேட்டையும் மிகையான என்ஏடியையும் நொதியோடு சேர்த்து, உருவாகும் என்ஏடிஎச்சை அளக்கிறோம்.

சிக்கல் என்ன? மேலே வந்த சமநிலை மாறிலியைப் பாருங்கள், வினை லாக்டேட் பக்கம் பலமாகச் சாய்ந்தது. நாம் அதை எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். அதனால்தான் பிஎச் 9-க்கு மேல் தாங்கல் கரைசல், ஹைட்ரஜன் அயனியைப் பறிக்க. அதனால்தான் ஹைட்ரசீன், உருவாகும் பைருவேட்டைப் பிடித்து ஹைட்ரசோனாக்க. மேலே உள்ள சமன்பாட்டின் இடப்பக்கம் நிற்கும் இந்த இரண்டையும் ஒழித்துக்கட்டினால் சமநிலை முழுதாக நகரும். தாங்கல் கரைசல் பழையதாகி பிஎச் இறங்கினால் வினை பாதியில் நிற்கும், விடை குறைவாக வரும், எந்த எச்சரிக்கையும் இருக்காது.

எடுத்துக்காட்டு: 20 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, மொத்தம் 1000 மைக்ரோலிட்டர். உறிஞ்சல் 0.311 ஏறியது. 0.311 ÷ 6.22 = 0.05 மில்லிமோல், இது குவெட்டுக்குள். 50 மடங்கு நீர்த்தோம், ஆகவே பிளாஸ்மாவில் 2.5 மில்லிமோல். 50-ஆல் பெருக்க மறப்பதும், வெற்றுக் கரைசலின் உறிஞ்சலைக் கழிக்க மறப்பதும்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போகும் இடங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் இருமுறை படியுங்கள். எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் வினை முடியவில்லை.

கணக்குமேசை:
சமநிலை மாறிலி நோயாளியின் செல்லிலும் பேசுகிறது, குவெட்டிலும் பேசுகிறது. இதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் யாரும் மறக்க மாட்டார்கள்.

அவசரப்பிரிவு:
அளவீட்டில் இன்னும் இரண்டு பொறிகள். எத்திலீன் கிளைக்கால் குடித்தவரின் இரத்தத்தில் கிளைக்கோலேட் சேரும். இரத்த வாயுக் கருவிகள் பலவும் லாக்டேட் ஆக்சிடேஸ் கொண்டு அளக்கின்றன, அந்த நொதி கிளைக்கோலேட்டையும் லாக்டேட்டாக எண்ணிவிடும். கருவியில் 20, ஆய்வகத்தில் டீஹைட்ரஜினேஸ் முறையில் 3 என்று வந்தால் அந்த இடைவெளியே நோயைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு நேர்மாறு, வழக்கமான எல்-லாக்டேட்டின் கண்ணாடிப் பிம்பமான டி-லாக்டேட். குடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டவரின் பெருங்குடலில் பாக்டீரியா அதை உண்டாக்கும். வழக்கமான சோதனையின் நொதி எல்-லாக்டேட்டை மட்டுமே தொடும், ஆகவே அறிக்கை இயல்பு, நோயாளியோ தள்ளாடிக்கொண்டு குழறுவார். தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய சோதனை அது.

மூன்றாவது வகை அடைப்புக்குச் சயனைடைச் சொல்லலாம். எலக்ட்ரான் சங்கிலியின் நான்காம் தொகுதியில் ஹீம் ஏ3-இன் ஃபெரிக் இரும்பைப் பற்றிக்கொள்ளும், ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்க முடியாது. ஆக்சிஜன் செலவாகாததால் சிரை இரத்தமும் தமனி இரத்தம்போலப் பளிச்சென்று சிவந்திருக்கும். தீவிபத்துப் புகையில் சிக்கியவருக்குப் பெரிய தீக்காயம் இல்லாமலே லாக்டேட் 10-ஐத் தொட்டால் சயனைடை நினையுங்கள். ஹைட்ராக்சோகோபாலமின் 5 கிராம் பெரியவருக்கு. அதைச் செலுத்துமுன் இரத்த மாதிரிகளை எடுத்துவிடுங்கள், மருந்தின் சிவப்பு நிறம் நிறமானிச் சோதனைகளைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் மிகுந்தாலும் முதல் தொகுதி தடைபடும், சிறுநீரகம் பழுதானவருக்கு அது தேங்கும். லினெசோலிட் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமைத் தடுப்பதால் வாரக்கணக்கில் எடுத்தவர்களுக்கு லாக்டேட் ஏறலாம்.

முதலாண்டு:
இடையில் ஒன்று: ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 32-ஆ?

கணக்குமேசை:
32 அல்லது 30. பழைய கணக்கு ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 என்று வைத்தது, இன்று 2.5, எஃப்ஏடிஎச்2-க்கு 1.5. சைட்டோசாலின் இரண்டு என்ஏடிஎச் மாலேட்-அஸ்பார்டேட் வழியில் போனால் 5 ஏடிபி, மொத்தம் 32. கிளிசரால்-3-பாஸ்பேட் வழியில் போனால் எலக்ட்ரான்கள் முதல் தொகுதியைத் தாண்டி உள்ளே நுழைகின்றன, 3 ஏடிபிதான், மொத்தம் 30.

நொதிவழி:
முதலாண்டு, இதுவரை வந்ததை வைத்து ஒரு பயிற்சி போடுகிறேன். பல நாள் மது, இரண்டு நாளாக உணவில்லை, வாந்தி. சோடியம் 138, குளோரைடு 98, பைகார்பனேட் 12, அல்புமின் 2, லாக்டேட் 6, குளுக்கோஸ் 58 மில்லிகிராம். சிறுநீர்க் கீட்டோன் பட்டை லேசான ஊதா மட்டும். லாக்டேட் எல்லாவற்றையும் விளக்குகிறதா?

முதலாண்டு:
அயனி இடைவெளி, அதாவது சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தது, 138 − (98 + 12) = 28. அல்புமின் 4-க்கு 2 குறைவு, ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 சேர்த்தால் 33. இயல்பு 12 என்றால் மிகை 21. லாக்டேட்டின் மிகை 5. இன்னும் 16 கணக்கில் வரவில்லை. கீட்டோன் என்று சொல்லலாம் என்றால் பட்டை லேசாகத்தானே காட்டுகிறது?

நொதிவழி:
கணக்கு சுத்தம். பட்டைதான் உங்களை ஏமாற்றுகிறது. அதன் நைட்ரோபுருசைடு அசிட்டோஅசிட்டேட்டோடு மட்டுமே நன்றாக நிறம் தரும், பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைக் காணவே காணாது. எத்தனால் அசிட்டால்டிஹைடாகும்போது சைட்டோசாலில் ஒரு என்ஏடிஎச், அசிட்டேட்டாகும்போது மைட்டோகாண்ட்ரியாவில் இன்னொன்று. இரண்டு அறையிலும் நெரிசல். சைட்டோசாலில் பைருவேட் லாக்டேட்டாகிறது, ஆக்சலோஅசிட்டேட் மாலேட்டாகிறது, குளுக்கோஸ் கட்ட மூலப்பொருள் இல்லை, கிளைக்கோஜனும் தீர்ந்துவிட்டது, அதனால்தான் 58. மைட்டோகாண்ட்ரியாவில் அசிட்டோஅசிட்டேட் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டாக மாற்றப்படுகிறது. உங்கள் 16-இன் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. இரத்தத்தில் நேரடியாக அதை அளக்கக் கேளுங்கள்.

அவசரப்பிரிவு:
சிகிச்சை தயமின், குளுக்கோஸ் கலந்த உப்பு நீர், பொட்டாசியமும் பாஸ்பேட்டும் பார்த்து ஈடுகட்டல். முன்கூட்டியே வார்டுக்குச் சொல்லி வையுங்கள்: சில மணி நேரத்தில் நோயாளி தெளிவார், பைகார்பனேட் ஏறும், ஆனால் சிறுநீர்ப் பட்டை முன்னைவிடக் கருஊதாவாக மாறும்.

முதலாண்டு:
என்ஏடி திரும்பி வருவதால் பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் மறுபடி அசிட்டோஅசிட்டேட்டாகிறது, பட்டைக்கு இப்போதுதான் அது தெரிகிறது. சரிதானே?

நொதிவழி:
சரி. அந்தக் கருஊதாவைப் பார்த்து, கீட்டோன் கூடிவிட்டது என்று நினைத்து யாராவது இன்சுலினை எடுத்தால் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.